தீராத பாக்கி

எட்டாயிரம் டாலர் எங்கே போயிற்று என்பது படம் பார்க்கும் அத்தனை பேருக்கும் தெரியும். படத்துக்குள் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: எடுத்துக்கொண்ட கிழவர், அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளும் ஆள். பிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946-ல் வெளிவந்த படம். அதன் கடைசிக் காட்சியில் ஊரே திரண்டு வந்து, கடன் சங்கப் பணம் தொலைந்ததால் சிறைக்குப் போகவிருந்த ஜார்ஜ் பெய்லியின் வீட்டு மேசைமீது பணத்தைக் கொட்டுகிறது. கைது உத்தரவு கிழிபடுகிறது. கிறிஸ்துமஸ் மரத்தில் மணி ஒலிக்கிறது, மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்கவைக்கும் காட்சி. ஆனால் அந்த நிறைவுக்கு நடுவே ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊர்ப் பணக்காரர் பாட்டர் தான் எடுத்த அந்த எட்டாயிரத்தைத் திருப்பித் தரவில்லை, அவரிடம் யாரும் கேட்கவுமில்லை. படம் முடிந்து ஆண்டுகள் பல போனபின்னும் பணம் அவரிடம்தான் இருக்கிறது. இதைத் திரைக்கதையில் விழுந்த ஓட்டை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அப்படிக் கடக்க மனம் ஒப்பவில்லை. போர் முடிந்த கையோடு ஹாலிவுட் எடுத்த சிறந்த படங்களின் உயிர் இந்தத் தீராத பாக்கியில்தான் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பணம் கைமாறும் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஜார்ஜின் சித்தப்பா பில்லி, சங்கத்தின் பணத்தை வங்கியில் கட்டுவதற்கு வருகிறார். அண்ணனின் இளைய மகன் போரில் பெற்ற விருதைப் பற்றிய செய்தித்தாளைப் பாட்டரின் முகத்துக்கு நேரே நீட்டிப் பெருமையடிக்கிறார். அந்தப் பரவசத்தில் பண உறையும் தாளுக்குள் மடிந்து பாட்டரின் கைக்குப் போய்விடுகிறது. தன் அறைக்குள் போனபின் தாளைப் பிரிக்கும் பாட்டர் உறையைப் பார்க்கிறார். உடனே நாற்காலியைக் கதவருகே தள்ளச் சொல்லி, இடுக்கு வழியாக, பையையும் தரையையும் தேடித் தவிக்கும் பில்லியை ஒரு நிமிடம் கவனிக்கிறார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பணியாளும் பார்க்கிறான். படம் முழுக்க அவன் வாய் திறப்பதில்லை. பின்னால் ஜார்ஜ் அதே பாட்டரிடம் வந்து கடன் கேட்டுக் கெஞ்சும்போது, பணத்தைத் தொலைத்தது தான்தான் என்று சித்தப்பாவின் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். அது பொய் என்பது பாட்டருக்குத் தெரியும், ஏனென்றால் பணம் அவரிடம் இருக்கிறது. அந்தப் பேசாத ஆளும் அங்கேயே நிற்கிறான். ஜார்ஜிடம் ஈடாக வைக்க இருப்பது 15,000 டாலர் ஆயுள் காப்பீடு மட்டும். அதைக் கேட்டபின் உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் உனக்கு மதிப்பு என்கிறார் பாட்டர். ஜார்ஜ் உயிரை விடப் பாலத்துக்குப் போவது அங்கிருந்துதான். இவ்வளவு நுணுக்கமாக ஒரு குற்றத்தை அடுக்கிக் காட்டி, அதற்கு ஊமைச் சாட்சி ஒருவனையும் நிறுத்திவைத்த இயக்குநர், கடைசியில் அதை மறந்துபோனார் என்றால் எப்படி நம்புவது? இன்னொன்றும் உண்டு. சாகும் எண்ணத்தைக் கைவிட்டு, உயிர் திரும்பிய களிப்பில் பனித் தெருவில் ஓடும் ஜார்ஜ், பாட்டரின் சன்னலைத் தட்டி வாழ்த்துச் சொல்கிறார். உனக்குப் புத்தாண்டு சிறையில்தான் என்று பதில் வருகிறது. முடிவுக்குச் சில நிமிடங்கள் முன்னால் காப்ரா வேண்டுமென்றே நம்மை அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார், அங்கே எதுவும் மாறவில்லை என்று.

அன்றைய ஹாலிவுட்டில் இது எளிதாகச் செய்யக்கூடிய காரியமும் அல்ல. 1930-ல் எழுதப்பட்டு 1934 முதல் ஜோசப் பிரீனின் அலுவலகம் கறாராக நடைமுறைப்படுத்திய தயாரிப்பு விதிகள் 1968 வரை இருந்தன. பார்வையாளரின் பரிவு ஒருபோதும் குற்றத்தின் பக்கம் சாயக் கூடாது என்பது அவற்றின் ஆதார நெறி. நடைமுறையில், தப்பு செய்தவன் கடைசி ரீலுக்குள் மாட்ட வேண்டும் அல்லது சாக வேண்டும். பில்லி வைல்டர் 'டபுள் இண்டெம்னிட்டி' படத்தில் (1944) கொலைகாரன் நச்சுவாயு அறையில் சாவதைப் படமாக்கிவிட்டுப் பிறகு தானே அந்தக் காட்சியைத் தூக்கியெறிந்தார். கதாநாயகன் சாகக் கிடக்க, நண்பன் அவன் சிகரெட்டுக்குத் தீக்குச்சி கிழித்துக் கொடுப்பதோடு படம் முடிகிறது. தண்டனையைக் காட்டுவதைவிட அந்தத் தீக்குச்சி அதிகம் பேசும் என்று வைல்டருக்குத் தெரிந்திருந்தது. பாட்டர் தப்பித்ததற்கும் விதிகளின்படி ஒரு சமாதானம் சொல்லலாம். அவர்மேல் யாருக்கும் பரிவு பிறப்பதில்லை. ஆனாலும் பார்வையாளர்களால் அதை விழுங்க முடியவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 1986-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்று, இந்தப் படத்தின் தொலைந்துபோன முடிவு என்று ஒரு கற்பனைக் காட்சியைப் போட்டது. அதில் உண்மை தெரிந்த ஊரார் கும்பலாகப் போய்ப் பாட்டரை அடித்து நொறுக்குகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக மனத்தில் தேங்கியிருந்த ஆசையை அது தீர்த்துவைத்தது. தீர்த்துவைத்ததும் வேறொன்று பறிபோயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் படத்தின்மீது சுமத்தப்படும் வலுவான குற்றச்சாட்டு இடதுசாரிகளிடமிருந்து வருவது. திருடியவர் பணக்காரராகவே நீடிக்கிறார், திருட்டை ஈடுகட்டும் செலவு ஏழைகளின் தலையில் விழுகிறது, நீதிக்குப் பதிலாக ஈகையைக் கொடுத்து மக்களை அழவைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது வாதம். வேடிக்கை என்று தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. எதிர்த் திசையிலிருந்தும் ஓர் எதிர்ப்பு வந்தது. 1947-ல் அமெரிக்க உளவுத்துறையான எஃப்பிஐ, திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளின் ஊடுருவல் பற்றிய தன் குறிப்பில், வங்கிக்காரர்களை இழிவாகக் காட்டுவதாக இந்தப் படத்தைச் சேர்த்துக்கொண்டது. உளவுத்துறை பயந்ததும் இடதுசாரிகள் போதாது என்றதும் ஒரே பாட்டரைப் பார்த்துத்தான். இருவருமே படத்தின் நடுவில் வரும் இன்னொரு காட்சிக்குப் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். பெய்லி கடன் சங்கம் திவாலாகிறது என்ற வதந்தியில் ஊரே போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு வாசலில் நிற்கிறது. உங்கள் பணம் இங்கே பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் வீடாக நிற்கிறது என்று ஜார்ஜ் விளக்குகிறார். மனைவி மேரி தேன்நிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை நீட்டுகிறாள். முதல் ஆள் பிடிவாதமாகத் தன் 242 டாலரையும் எண்ணி வாங்கிக்கொண்டு போகிறான். அடுத்தடுத்தவர்கள் குறைத்துக் கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி 17 டாலர் 50 சென்ட் போதும் என்கிறாள், ஜார்ஜ் நெகிழ்ந்து அவளை முத்தமிடுகிறார். சங்கத்தை மூடும் நேரம் இரண்டு டாலர் மிஞ்சுகிறது. ஆக, கடைசிக் காட்சியில் மேசைமேல் விழும் பணத்தைத் தர்மப் பணம் என்று சொல்ல முடியாது. பதினேழரை டாலரோடு போனவர்கள் வைத்துப்போன மீதிக்கு வந்து கணக்குத் தீர்க்கிறார்கள். அது ஊருக்கும் ஜார்ஜுக்கும் இடையிலான ஏடு. பாட்டரின் ஏடு வேறு. காப்ரா இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்க மறுத்தார்.

அவற்றைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அவர் மறுத்ததன் காரணம் புரியும். கடைசி நிமிடத்தில் பாட்டர் பிடிபட்டு எட்டாயிரமும் திரும்பி வந்துவிட்டால், ஊரார் கொடுத்த பணம் தற்காலிகக் கைமாற்றாகிவிடும். அவரவர் பணத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போகலாம். ஒருவருக்காக ஒருவர் நின்றதன் பொருளே கரைந்துவிடும். தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டிய கும்பல் முடிவில் நடப்பது அதுதான். ஜார்ஜின் வீட்டிலிருந்து எல்லோரும் வெளியேறுகிறார்கள், நம் கவனமும் அவர்களோடு வெளியேறுகிறது. நீதி கிடைக்காத இடத்தில் மனிதர்கள் என்ன செய்துகொள்கிறார்கள் என்பதை மட்டும் காப்ரா காட்டினார். நீதி கிடைக்கவில்லை என்ற உண்மையை, அதைத் தாங்கிச் செல்லக்கூடிய ஒரே இடத்தில், அதாவது பார்ப்பவரின் நெஞ்சில் வைத்தார். குற்றவாளியைத் தண்டித்து முடியும் படத்தில் அந்தப் பொறுப்பு நம்மைவிட்டு இறங்கிவிடுகிறது.

காப்ராவின் படத்தின் உடம்பிலேயே இப்படி மறைக்காமல் விட்ட தழும்புகள் சில இருக்கின்றன. பனி கொட்டும் காட்சிகள் 1946-ன் கோடை வெக்கையில் எடுக்கப்பட்டவை. தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்து பனி செய்தார்கள். பாலத்தின்மேல், ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தில் பனிக்கு நடுவே வியர்வை மின்னுவது இன்றும் தெரிகிறது. மதுக்கடையில் உட்கார்ந்து அவர் பிரார்த்திக்கும்போது எதிர்பாராமல் நிஜமாகவே அழுதுவிட்டார். கேமரா தள்ளி இருந்ததால் காப்ரா பின்னர் ஆய்வகத்தில் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கி நெருக்கக் காட்சியாக்கினார். அதனால் அந்த இடத்தில் படச்சுருளின் மணிகள் சற்றுத் தடித்துத் தெரியும். குண்டுவீச்சு விமானங்களை ஓட்டி அப்போதுதான் போரிலிருந்து திரும்பியிருந்தவரின் முகம் அது. எந்த நேர்த்தியான ஒளியமைப்பும் அதற்கு ஈடாகாது.

அதே 1946-ல் வில்லியம் வைலரின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். போரிலிருந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூவரின் கதை. வங்கி அதிகாரியான ஆல், குண்டுவீச்சுப் படையில் கேப்டனாக இருந்த ஃபிரெட், இரண்டு கைகளையும் இழந்த கடற்படை வீரன் ஹோமர். ஹோமராக நடித்த ஹெரால்டு ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்லர், 1944-ல் ராணுவப் பயிற்சியின்போது வெடிவிபத்தில் உண்மையிலேயே இரு கைகளையும் இழந்தவர். இரவில் தன் காதலி வில்மாவைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டு, இரும்புக் கொக்கிகளைக் கழற்றினால் தான் என்ன நிலையில் இருப்பான் என்று ஹோமர் காட்டுகிறான். தோளை அசைத்துக் கட்டுகளை உருவிக் கட்டிலில் போடுகிறான். இனி இந்தக் கதவு சாத்திக்கொண்டால் என்னால் திறக்க முடியாது, யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று நிதானமாகச் சொல்கிறான். அவள் அவன் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடி, முத்தமிட்டுப் போகிறாள். கைகள் திரும்பி வரப்போவதில்லை. அரசு கொடுக்கும் மாத உதவித்தொகை அந்தக் கணக்கைத் தீர்க்காது. ஒரு பெண் அவனை நேசிப்பதாலும் அது தீரவில்லை. வைலர் அதைத் தீர்ந்ததாகக் காட்டவேயில்லை என்பதால்தான் அந்தக் காட்சியைப் பார்க்க முடிகிறது.

ஆலின் கதையிலும் இதே நேர்மை. வங்கி அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துப் படைவீரர்களின் கடன் மனுக்களைப் பார்க்கச் சொல்கிறது. அடமானம் வைக்க எதுவும் இல்லாத ஒரு முன்னாள் வீரன் நிலம் வாங்கக் கடன் கேட்கிறான். ஆள் முகத்தைப் பார்த்து ஆல் கொடுத்துவிடுகிறான். மேலதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள். விருந்தில் அவன் குடித்துவிட்டுப் பேச எழுகிறான், பக்கத்தில் மனைவி மில்லி முள்கரண்டியால் மேசைவிரிப்பில் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறாள். அவன் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கோடு. திட்டுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை, எண்ணி மட்டும் வைக்கிறாள். ஒரு குடும்பத்தில் போர் விட்டுச்சென்ற கடன் எவ்வளவு என்பதற்கு அந்த வெள்ளைத் துணிக் கோடுகளைவிடத் துல்லியமான ஆவணத்தை நான் சினிமாவில் பார்த்ததில்லை. கடைசித் திருமணக் காட்சியிலும் ஆல் மதுக்கிண்ணத்தின் பக்கம்தான் நிற்கிறான். குடியை விட்டான் என்று ஒரு வரி சேர்க்க எந்தத் தயாரிப்பாளருக்கும் கை பரபரத்திருக்கும். சாமுவேல் கோல்ட்வின் தயாரித்த இந்தப் படத்தில் அந்த வரி இல்லை.

கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு இந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தது. ஹோமரும் மதுக்கடைக்கார உறவினரும் சேர்ந்து பியானோ வாசிப்பது திரையின் முன்பக்கத்தில். ஆழத்தில், வாசலருகே இருக்கும் தொலைபேசிக் கூண்டுக்குள் ஃபிரெட், ஆலின் மகள் பெக்கியிடம் உறவை முறித்துக்கொள்கிறான். பியானோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆலின் கண் அடிக்கடி அந்தக் கூண்டுக்குப் போய் வருகிறது. கூண்டில் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. முன்னால் நடக்கும் மகிழ்ச்சி, பின்னால் நடக்கும் இழப்பு இரண்டும் ஒரே தெளிவில் இருக்கின்றன. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசின் இந்தக் காட்சியை விரிவாக எழுதிப் போற்றினார், எதைப் பார்ப்பது என்ற தேர்வு பார்வையாளரிடம் விடப்படுகிறது என்பதற்காக. எனக்கு அதில் இன்னொன்றும் படுகிறது. வெட்டித் தொகுத்திருந்தால் மகிழ்ச்சி துக்கத்தை மூடியிருக்கும், அல்லது துக்கம் மகிழ்ச்சியைப் பொய்யாக்கியிருக்கும். ஒரே சட்டகத்தில் வைத்ததால் ஒன்று மற்றதைத் தள்ளுபடி செய்யவில்லை. முடிவும் அப்படியே. ஹோமர் கொக்கியால் மோதிரம் எடுத்து மாட்டுகிறான். மாப்பிள்ளைத் தோழனாக நிற்கும் ஃபிரெட் அறையின் மறுமுனையில் நிற்கும் பெக்கியைப் பார்க்கிறான். வாரம் 32 டாலர் 50 சென்டுக்கு மருந்துக்கடையில் வேலை பார்த்து, அதையும் இழந்து, தான் பறந்த மாதிரி விமானங்களை உடைத்து வீடு கட்டும் பொருளாக்கும் இடத்தில் கூலிக்குச் சேர்ந்திருப்பவன் அவன். தான் சொல்லும் காதல் வார்த்தையில் பணமின்மையையும் வீடின்மையையும் படப்போகும் அலைக்கழிப்பையும்தான் அவன் பட்டியலிடுகிறான். அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள்.

இதையெல்லாம் இன்று உட்கார்ந்து நாம் ஏற்றிச் சொல்கிறோம், அவர்கள் வசூலுக்குப் படம் எடுத்தார்கள், அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். வசூலுக்கும்தான் எடுத்தார்கள். ஆனால் வைலர் தான் செய்தது என்ன என்று அறிந்தே இருந்தார். 1947-ல் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிப்பதாகச் சொன்ன நாடாளுமன்றக் குழு ஹாலிவுட்டைக் குடையத் தொடங்கியபோது, அந்தப் படத்தை இன்றைக்கு எடுக்கத் தன்னை விடமாட்டார்கள் என்று வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். படம் வந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. காப்ராவும் வைலரும் ஜார்ஜ் ஸ்டீவன்ஸும் சேர்ந்து நடத்திய லிபர்ட்டி நிறுவனம் அதே ஆண்டில் பாரமவுண்டுக்குக் கைமாறியது. அதன்பின் ஊர் ஒன்றுகூடி ஒருவனைத் தாங்கும் காட்சி அரிதாயிற்று.

1960-க்கு வரும்போது அந்த ஊர் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' காட்டுகிறது. 31,259 பேர் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனம். கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் ட்ரானர், முடிவில்லாமல் நீளும் மேசை வரிசையைக் காட்டப் பின்வரிசைகளில் சிறிய மேசைகளைப் போட்டுக் குள்ளமானவர்களை உட்காரவைத்தார். அங்கே வேலை பார்க்கும் பாக்ஸ்டர் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுத்துப் பதவி உயர்வு வாங்குகிறான். அவர்களில் ஒருவனான ஷெல்டிரேக் என்ற அதிகாரி, தன்னோடு கள்ள உறவிலிருக்கும் லிஃப்ட் இயக்கும் பெண்ணான ஃபிரானுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க நேரமில்லாமல் நூறு டாலர் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்புகிறான். அவள் பாக்ஸ்டரின் வீட்டிலேயே தூக்க மாத்திரைகளை விழுங்குகிறாள். காப்பாற்றுவது பக்கத்து வீட்டு மருத்துவர் ஒருவர். முடிவில் பாக்ஸ்டர் வேலையை உதறுகிறான், ஃபிரான் அவனிடம் வந்து சேர்கிறாள், இருவரும் சீட்டாட உட்காருகிறார்கள். ஷெல்டிரேக்கை அவன் மனைவி வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். ஆனால் 27-ஆம் மாடி நாற்காலி அவனுடையதாகவே இருக்கிறது. ஊருக்குப் பதிலாக ஒரு மருத்துவர், அவர் மனைவி, ஒரு சீட்டுக்கட்டு. பாக்ஸ்டருக்கு அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்று வைல்டர் சொல்லவில்லை. சொல்லாததில் ஏமாற்று இல்லை, பாக்ஸ்டருக்கும் ஃபிரானுக்கும் அந்த நிச்சயமின்மை தெரிந்தே இருக்கிறது.

இதுவரை சொன்னவை இயக்குநர்கள் அறிந்து விட்டுவைத்த பாக்கிகள். இந்தப் படங்கள் தாங்கள் பட்ட கடன் என்றே அறியாத பாக்கியும் ஒன்று உண்டு, அவற்றை நேசிக்கும் ஒருவர் அதைப் பேசாமல் போவது சரியில்லை. ஆல் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தான் என்றேன். எந்த முகத்தை? 1947-ல் மிசிசிப்பியில் அரசு உத்தரவாதத்தோடு முன்னாள் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட 3,000-க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. வைலரின் படத்தில் அவர்கள் ஆலின் மேசைவரை வருவதே இல்லை. காப்ராவின் படத்தில் பெய்லி குடும்பத்தின் வேலைக்காரி ஆனி வருகிறாள். லிலியன் ராண்டால்ஃப் நடித்த பாத்திரம். கடைசிக் காட்சியில் அவளும் தன் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், புருஷன் என்று ஒருவன் வாய்த்தால் விவாகரத்துக்கு ஆகும் என்று சேர்த்தது எனச் சொல்லிச் சிரிக்கவைக்கிறாள். கூட்டம் சிரித்துக் கடந்துவிடுகிறது. அந்தப் பணத்தை அவள் சம்பளத்தில் எத்தனை ஆண்டு சேர்த்திருப்பாள் என்று கேட்க அங்கே யாருமில்லை. விவரம் தெரிந்தே பாட்டரைத் தப்பவிட்ட படம், ஆனியிடம் வாங்கியதை வாங்கியதாகக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. இதனால் அந்தக் கடைசிக் காட்சி பொய்யாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கொடுப்பதும் வாங்குவதும் எப்படி நடக்க வேண்டும் என்று அந்தப் படமே சொல்லிக்கொடுத்த அளவுகோலைத்தான் ஆனியின் பொருட்டு அதன்மேலேயே வைக்கிறோம். இத்தாலியக் குடியேறி மார்ட்டினியின் குடும்பம், ஜார்ஜின் சங்கம் கட்டிய பெய்லி பார்க்கில் சொந்த வீடு புகுகிறது. ஜார்ஜும் மேரியும் வாசலில் நின்று ரொட்டியும் உப்பும் ஒயினும் கொடுத்து வாழ்த்துகிறார்கள். அப்படிப்பட்ட குடியிருப்புகளில் வெள்ளையரல்லாதாருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைப்பது அமெரிக்காவின் பல ஊர்களில் அன்றைக்கு வழக்கம். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1948-ல், படம் வந்து இரண்டு ஆண்டு கழித்து. பெய்லி பார்க்கின் பத்திரங்களில் என்ன எழுதியிருந்தது என்று காப்ரா காட்டவில்லை. மார்ட்டினி வீடு புகுந்த தெருவில் ஆனி ஒரு மனைக்கு விண்ணப்பித்திருந்தால் ஜார்ஜ் பெய்லி என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அந்தப் படத்திடம் இன்னும் கேட்கவேண்டியிருக்கிறது.